மகன் கேட்கிற ஸ்டிக், வாங்க வேண்டிய ஸ்கேட், நடுவுல என்எச்எல்

முதல்வருஷ அப்பா

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு வயசு 11, எடை 40 கிலோ. போன வருஷம் முழுக்க இரவல் சாமான்லயே ஐஸ் ஹாக்கி ஆடினான். இந்த வருஷம் எல்லாம் சொந்தமா வாங்கித் தர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். கொடுத்த மறுநாளே தெரிஞ்சுபோச்சு, எனக்கு ஒரு மண்ணும் தெரியாதுன்னு.

அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக் என்எச்எல்ல ஆடுற மெக்டேவிட் கையில இருக்கிற அதே ஸ்டிக். சரி, ஆசைப்படுறானேன்னு வாங்கிட்டேன். தண்டுல 70 ஃபிளெக்ஸ்னு போட்டிருந்தது. அவன் உயரத்துக்கு நீளமா இருந்துச்சு, மேல நாலு அங்குலம் நானே அறுத்தேன். ரெண்டு வாரமா பக், அதான் அந்த ரப்பர் வட்டு, தரையை விட்டு எழும்பவே மாட்டேங்குது. எவ்வளவு முக்கி அடிச்சாலும் உருண்டுதான் போகுது. கோச்கிட்ட கேட்டேன். ஸ்டிக்கை வாங்கிப் பார்த்தார், சிரிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார்.

ஸ்கேட், ஹெல்மெட், கையுறை, ஷின் பேட், தோள் கவசம் எல்லாம் இன்னும் பாக்கி. எதுல காசு போடணும், எதுல இறங்கி வரலாம்?

கூடவே ஒரு வயித்தெரிச்சல் கேள்வி. ஒரு என்எச்எல் அணி நூறு கோடி டாலருக்கு மேல கைமாறுதுன்னு செய்தியில படிச்சேன். அவ்வளவு காசு புரள்ற விளையாட்டுல என்னை மாதிரி அப்பன் தலையில ஏன் இவ்வளவு விழுது?

சாணைக்கல்

தம்பி, முதல்ல அந்த ரம்பத்தை எடுத்து உள்ள வைங்க.

ஃபிளெக்ஸ் எண்ணுக்கு அர்த்தம் இதுதான்: தண்டை ஒரு அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேணும். 70ன்னா 70 பவுண்டு. ஆனா அது கம்பெனியில இருந்து வந்த நீளத்துக்கு மட்டும். மேல அறுக்க அறுக்கத் தண்டு விறைக்கும். நீங்க நாலு அங்குலம் அறுத்ததுல உங்க 70 இப்ப 80-ஐ ஒட்டி இருக்கும்.

பொதுவா எடையில பாதி, பவுண்டு கணக்குல. 40 கிலோன்னா 88 பவுண்டு, பாதி 44. பையனுக்கு 40, மிஞ்சிப்போனா 50. இப்ப அவன் கையில இருக்கிறது 75 கிலோ ஆள் ஆடுற ஸ்டிக். கடப்பாரையால பல்லு குத்துறான் பாவம்.

ரிஸ்ட் ஷாட்ல பக்கைத் தூக்குறது கை பலம் மட்டும் இல்ல. கீழ்க்கையால அழுத்தும்போது தண்டு வில்லு மாதிரி வளைஞ்சு, விடும்போது திரும்பி நிமிருது பாருங்க, அதுதான் பக்கை வீசுது. வளையாத வில்லுல அம்பு எங்க போகும்?

நீளம்: வெறுங்காலோட நின்னா மூக்கு, ஸ்கேட்டோட நின்னா தாடை. கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம். ஸ்கேட் பத்தி ராத்திரி வந்து எழுதுறேன், அது பெரிய கதை.

நீலக்கோடு

அண்ணே, பாதி எடை கணக்கெல்லாம் வேதவாக்கு இல்ல. என்எச்எல்லயே இப்ப நல்ல கனமான ஆளுங்க 80க்குப் பக்கத்துல ஆடுறாங்க. பழைய காலத்து 100, 110 எல்லாம் ஸ்டிக்கை ஓங்கி ஸ்லாப் ஷாட் அடிக்கிற டிஃபென்ஸ்காரங்களோட போச்சு. சின்னப் பையனுக்குப் பாதிக்கும் கீழயே போகலாம்.

ஸ்டிக்கோட அடிப்பலகை வளைவையும் பாருங்க ப்ரோ. 92, 88, 28ன்னு மூணு எண் அடிக்கடி கண்ணுல படும். 88 நடுவுல மிதமா வளையும், பாஸ் கொடுக்கவும் வாங்கவும் பின்பக்கத்துல அடிக்கவும் சௌகரியம். 92 கொஞ்சம் திறந்து நிக்கும், பக்கைத் தூக்க உதவும். 28 நுனியில கொக்கி மாதிரி வளையும். எல்லாப் பசங்களுக்கும் 28 மேலதான் கண்ணு, ஏன்னா பக் சட்டுனு கூரைக்குப் போகும். நேரா பாஸ் கொடுக்கச் சொல்லுங்க, அப்ப தெரியும்.

சாணைக்கல்

நீலக்கோடு சொல்றது சரி, பாதிக்குக் கீழ போனாலும் பாதகமில்ல. நான் சொன்னது மேல போகாம இருக்க.

இப்ப ஸ்கேட். உங்க காசுல பாதியை இங்கே போடுங்க. ஸ்டிக் மோசமா இருந்தா ஷாட் மோசமாகும். ஸ்கேட் மோசமா இருந்தா பிள்ளை அடுத்த வருஷம் ரிங்க் பக்கமே வர மாட்டான். கணுக்கால் உள்பக்கமா சாய்ஞ்சு நடக்கிற பிள்ளைகளைப் பார்த்து ‘காலுக்குப் பலம் பத்தலை’ன்னு அப்பாக்கள் சொல்வாங்க. பலத்துல குறை இல்ல, ரெண்டு சைஸ் பெரிய ஸ்கேட். ‘வளர்ற பிள்ளை, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்’னு வாங்கினது. தீபாவளிச் சட்டைக்கு அந்தக் கணக்கு சரி, ஸ்கேட்டுக்கு ஆகாது.

ஸ்கேட் சைஸ் பொதுவா ஷூ சைஸைவிட ஒண்ணு, ஒன்றரை கம்மியா வரும். வீட்டுலயே பார்க்கலாம். லேஸை முழுசா தளர்த்தி, காலை முன்னாடி தள்ளி விரல் முட்டுற வரை நிக்கச் சொல்லுங்க. குதிகாலுக்கும் ஸ்கேட்டுக்கும் நடுவுல உங்க ஒரு விரல் இறுக்கமா நுழையலாம். வளர்ற பிள்ளைக்கு அந்த ஒரு விரல்தான் சலுகை. ரெண்டு விரல் போனா திருப்பிக் கொடுத்துடுங்க. அப்புறம் குதிகாலைத் தரையில தட்டிப் பின்னாடி தள்ளி லேஸ் கட்டினா, விரல் நுனி முன்பக்கத்தைச் சும்மா உரசணும். குதிகால் தூக்கக் கூடாது. இந்தக் கடைசி ஒண்ணு தப்பினா மத்தது எல்லாம் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

உயரமான பாதமான்னு பார்க்க ஒரு பென்சில் போதும். லேஸ் கட்டாம, மேல இருந்து மூணாவது லேஸ் கண்ணி ரெண்டுக்கும் குறுக்கே பென்சிலை வைங்க. பாதத்துல முட்டி ஆடினா அந்த ஸ்கேட்டுக்கு ஆழம் பத்தாது, வேற வடிவம் பாருங்க. பாவர் கம்பெனி இப்ப ஃபிட் 1, 2, 3ன்னு மூணு பருமன்ல போடுறான், மத்தவங்களும் அதே மாதிரி வச்சிருக்காங்க. கம்பெனி பேரைப் பார்த்து வாங்காதீங்க, பாதத்தைப் பார்த்து வாங்குங்க.

கடையில சூட்டு அடுப்புல வச்சு இளக்கித் தருவாங்க. சூடா இருக்கும்போது லேஸை வெளிப்பக்கமா இழுத்தா கண்ணி பிய்ஞ்சு வரும், முன்பக்கமா இழுத்துக் கட்டணும். கட்டினதும் கால் மணி நேரம் உட்காரணும், நடக்கக் கூடாது. ஒரு கடையில என் சொந்த ஸ்கேட்டை அடுப்புல வச்சுட்டு ஃபோன் பேசப் போயிட்டாங்க. திரும்பி வந்தப்போ அடிப்பசை விட்டுப்போய் உள்ளங்கால் ஓரமா வாயைப் பிளந்துகிட்டு இருந்துச்சு. பக்கத்துலயே நில்லுங்க.

முதல்வருஷ அப்பா

சாணைக்கல் ஐயா, ரொம்ப நன்றி. இரவல் ஸ்கேட்டை இப்பத்தான் எடுத்து விரல் விட்டுப் பார்த்தேன். ரெண்டு விரல் நுழைஞ்சு மூணாவதுக்கும் இடம் இருக்கு. ஒரு வருஷமா இதுல ஆடியிருக்கான். மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

மூண்டு பிள்ளையின்ர அம்மா

தம்பி கவலைப்படாதேங்கோ, நாங்கள் எல்லாரும் அந்தப் பிழை விட்டு வந்தனாங்கள்தான்.

நான் மூண்டு பிள்ளையளுக்கு வேண்டிக் குடுத்த அனுபவத்தில சொல்லுறன். பழசு வேண்டலாம் எண்டால் தோள் கவசம், முழங்கைக் கவசம், ஷின் பேட், பேன்ட்ஸ். பிள்ளையள் ஒரு வருசத்தில வளர்ந்து விட்டிடுவினம், சாமான் புதுசு மாதிரியே கிடக்கும். ஷின் பேட் மட்டும் ஸ்கேட் போட்டுக்கொண்டு அளந்து பாருங்கோ. முட்டிக் குழியில முட்டி இருக்கவேணும், கீழ்நுனி ஸ்கேட்டின்ர நாக்கோட முட்டவேணும். நடுவில இடைவெளி விட்டால் பக் சரியா அங்கதான் வந்து அடிக்கும், அது என்ன சாபமோ தெரியாது.

கையுறை பழசு எண்டால் உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கோ. தோல் கண்ணாடி மாதிரி மெலிஞ்சு போயிருந்தால் வேண்டாம்.

ஹெல்மெட் மட்டும் ஒருநாளும் பழசு வேண்டாதேங்கோ. ஆர் போட்டது, எங்க அடிபட்டது எண்டு எங்களுக்குத் தெரியாது. பின்பக்கம் எச்இசிசி எண்ட சான்றுக் குழுவின்ர ஸ்டிக்கர் இருக்கும், செஞ்ச நாளில இருந்து ஆறரை வருசம்தான் அதின்ர சான்றுக் காலம். விலை கூடினது பாதுகாப்புக் கூட எண்டும் நினைக்காதேங்கோ. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2015இல முதல் தரம் ஹாக்கி ஹெல்மெட்டுகளைச் சோதிச்சு நட்சத்திரம் குடுத்தவை. அஞ்சு நட்சத்திரம் ஒண்டுக்கும் கிடைக்கேல்லை. இப்பவும் அந்தப் பட்டியலைப் பார்த்துட்டு வேண்டுறது நல்லம். தலையில போட்டு, கொளுவாமல், குனிஞ்சு தலையை ஆட்டச் சொல்லுங்கோ. கழண்டு விழக்கூடாது.

வலைக்காவல்

கழுத்துக் காப்பை யாரும் சொல்லலையே. அது இல்லாம பையனை ஐஸ்ல இறக்காதீங்க.

2023 அக்டோபர் 28, இங்கிலாந்துல ஷெஃபீல்டு. நாட்டிங்ஹாம் அணிக்கு ஆடின ஆடம் ஜான்சன், முன்னாடி பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸுக்கும் ஆடினவர், எதிரணி ஆளோட ஸ்கேட் கழுத்துல வெட்டி இறந்துபோனார். அதுக்கப்புறம்தான் உலக சம்மேளனம் தன் போட்டிகள் எல்லாத்துலயும் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கிச்சு. அமெரிக்காவுல சிறுவர் ஆட்டத்துக்கு 2024 ஆகஸ்ட்ல விதி வந்துச்சு. என்எச்எல்ல 2026-27ல புதுசா உள்ள வர்றவங்களுக்கு மட்டும் கட்டாயம். ஏற்கெனவே ஆடுறவங்க இஷ்டம்.

இந்த விளையாட்டுல எல்லாக் காப்பும் இப்படித்தான் வந்துச்சு. 1968ல என்எச்எல் ஆட்டக்காரர் பில் மாஸ்டர்டன் தலை அடிபட்டு இறந்தார். ஹெல்மெட் கட்டாயமானது 1979ல, அதுவும் புதுசா வர்றவங்களுக்கு மட்டும். ஹெல்மெட் இல்லாம ஆடின கடைசி ஆள் மெக்டாவிஷ் 1997ல ஓய்வு பெற்றார். முகக் கண்ணாடிக்கு 2013 வரைக்கும் காத்திருந்தாங்க. வலை காக்கிற எங்க கோலி ஜாதியில ஜாக் பிளான்ட் 1959 நவம்பர் 1ஆம் தேதி முகத்துல தையல் போட்டுட்டு வந்து, முகமூடி இல்லாம திரும்ப இறங்க மாட்டேன்னு அடம் பிடிச்சார். கோச்சுக்குப் பிடிக்கல. ஆனா பெஞ்சுல மாத்து கோலி கிடையாது, வேற வழி இல்லாம விட்டார்.

நீலக்கோடு

ஆட்டக்காரங்க சங்கமே ‘எங்க உடம்பு, எங்க முடிவு’ன்னு சொன்னா லீக் என்ன பண்ணும்? எல்லாத்தையும் ஒப்பந்தத்துல பேசித்தான் ஆகணும்.

வலைக்காவல்

லீக்கைக் குத்தம் சொல்லல தம்பி. பையன் டிவியில பார்த்துட்டு ‘அவங்க யாரும் போடலையே’ன்னு கேட்பான். அதுக்குப் பதிலை இப்பவே தயார் பண்ணிக்கச் சொல்றேன்.

கணக்குப்பிள்ளை

வயித்தெரிச்சல் கேள்விக்கு நான் வர்றேன். லீக் காசும் சாமான் கம்பெனி காசும் ஒரே பையில இருக்குன்னு நினைக்கிறீங்க. இல்ல. லீக் கொழிக்குது, சாமான் கம்பெனிகள் பாதி நேரம் தள்ளாடுது.

நைக்கி 1990கள்ல பாவரை ஏறக்குறைய 40 கோடி டாலருக்கு வாங்கிச்சு. 2008ல 20 கோடிக்கு வித்துட்டு ஓடிடுச்சு. அந்தப் பாவரோட தாய்க் கம்பெனி 2016ல திவால் மனு போட்டுச்சு. அதே வருஷம்தான் ஈஸ்டன் ஹாக்கியையும் வாங்கியிருந்தாங்க. சிசிஎம்னு இன்னொரு சாமான் கம்பெனி ரீபோக் கைக்குப் போய், அங்கேர்ந்து அடிடாஸ் கைக்குப் போய், 2017ல சுமார் 11 கோடி டாலருக்கு வெளிய போச்சு. உலகத்துலயே பெரிய விளையாட்டுச் சாமான் கம்பெனிகள் ரெண்டு இந்தத் தொழில்ல கையைச் சுட்டுக்கிட்டு வெளிய வந்திருக்கு.

காரணம் சிம்பிள். ஆடுற ஆள் எண்ணிக்கை குறைவு. ஸ்கேட்டுல மட்டும் எத்தனை சைஸ், எத்தனை பருமன். ஸ்டிக்குல இடது வலது, நாலஞ்சு ஃபிளெக்ஸ், நாலஞ்சு வளைவு. ஒவ்வொண்ணுக்கும் தனி இருப்பு வைக்கணும். அந்தச் செலவெல்லாம் ஒரு ஜோடிக்கு இவ்வளவுன்னு உங்க தலையில. இதுல ஓரிரு வருஷத்துக்கு ஒரு தடவை ‘புது மாடல்’ வேற. பழைய மாடலுக்கும் புதுசுக்கும் பல சமயம் பெயிண்ட்தான் வித்தியாசம். புதுசு வந்த மாசம் பழசு விலை இறங்கும். அப்ப வாங்குங்க.

அந்த மெக்டேவிட் ஸ்டிக் விஷயத்துக்கும் வர்றேன். ஐஸ் மேல பிராண்ட் பேரு தெரியணும்னா கம்பெனி லீக்குக்கு உரிமக் கட்டணம் கட்டணும். கட்டாத பிராண்டோட எழுத்தைக் கறுப்பா மறைச்சுட்டு ஆடணும். அதாவது டிவியில பையன் பார்க்கிற ஸ்டிக், கையுறை, ஹெல்மெட் எல்லாமே வாடகைக்கு எடுத்த விளம்பரப் பலகை.

சாணைக்கல்

நான் சொல்ல நினைச்சதையும் கணக்குப்பிள்ளை தொட்டுட்டார். ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். பலகையில எழுதியிருக்கிற சரக்கும் உள்ள இருக்கிற சரக்கும் வேற. பெரிய ஆட்டக்காரங்க பல பேர் அஞ்சாறு வருஷம் முன்னாடி பழகின தண்டுலயே ஆடுவாங்க. கம்பெனி அதே பழைய தண்டைச் செஞ்சு, மேல இந்த வருஷ மாடலோட பெயிண்டை அடிச்சுக் கொடுக்கும். ‘ப்ரோ ஸ்டாக்’னு மிச்சச் சரக்கு வெளிய விற்பனைக்கு வரும்போது கையில எடுத்தா தெரியும். படம் புதுசு, உடம்பு பழசு. வளைவும் அவங்க சொல்லிச் செய்ய வச்சது, கடையில தொங்குறது இல்ல.

பழைய நட்சத்திரம் கிரெட்ஸ்கியைப் பாருங்க. கடைசி வரைக்கும் அதே ஜோஃபா ஹெல்மெட். இன்னைக்குப் பார்த்தா சைக்கிள் ஓட்டக்கூடத் தயங்குவோம், அவ்வளவு மெல்லிசு. பழகினது, அவ்வளவுதான். ஸ்டிக்கை மட்டும் எட்மன்டன்ல டைட்டன், லாஸ் ஏஞ்சலஸ்ல ஈஸ்டன் அலுமினியம்னு மாத்திக்கிட்டார்.

முதல்வருஷ அப்பா

அப்ப நான் வாங்கினது மெக்டேவிட் ஸ்டிக்கே இல்லையா?

சாணைக்கல்

அவர் என்ன தண்டுல ஆடுறார்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி. ஆனா உங்க பையன் மெக்டேவிட் இல்லைங்கிறது உறுதி, நானும் இல்லை.

நீலக்கோடு

😂😂

சரி, லீக் கொழிக்குதுன்னு கணக்குப்பிள்ளை சொன்னாரே, அரிசோனாவை மறந்துட்டாரா? 2009ல திவால். கடைசி ரெண்டு சீசன் அஞ்சாயிரம் பேர்கூட உட்கார முடியாத காலேஜ் ரிங்க்ல ஆடினாங்க. என்எச்எல் அணி சார்!

கணக்குப்பிள்ளை

மறக்கல. அந்த அரிசோனாதான் என் சாட்சி.

2024ல அந்த அணியை ஆட்டக்காரங்களோட யூட்டாவுக்குத் தூக்கிட்டுப் போனப்போ கைமாறின விலை 120 கோடி டாலர். ஊர் இல்ல, அரங்கம் இல்ல, கோப்பை இல்ல. அப்ப எதுக்கு அந்த விலை? லீக்ல இருக்கிற 32 அணி நாற்காலியில ஒண்ணுக்கு. ஐரோப்பாவுல தோத்தா கீழ லீக்குக்கு இறக்கிடுவாங்க. ஸ்வீடனோட மேல் லீக் எஸ்எச்எல்ல கடைசி ரெண்டு அணியும் மோதும், தோக்கிற அணி அடுத்த வருஷம் ரெண்டாம் தட்டுல ஆடும். இங்க எத்தனை வருஷம் தோத்தாலும் நாற்காலி உங்களுது. இறங்கவே இறங்காத நாற்காலிக்கு விலை ஏறாம என்ன பண்ணும்?

புது நாற்காலி போட்டாலும் காசுதான். வேகஸ் உள்ள வர 50 கோடி கட்டிச்சு, சியாட்டில் 65 கோடி. இந்த நுழைவுக் கட்டணம் ஆட்டக்காரங்களோட பங்கு போடுற வருமானக் கணக்குல சேராது. பழைய உரிமையாளர்கள் மட்டும் பிரிச்சுக்குவாங்க. ‘ஏன் ஓயாம புது ஊர் தேடுறாங்க’ன்னு யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க.

அப்புறம் டிவி. கனடாவுல ராஜர்ஸ் கம்பெனி 2014-15ல இருந்து 12 வருஷத்துக்கு 520 கோடி கனடிய டாலர் கொடுத்துச்சு. 2026-27ல தொடங்குற அடுத்த 12 வருஷத்துக்கு 1,100 கோடி. ஹெல்மெட்ல 2020-21ல இருந்தும் ஜெர்சியில 2022-23ல இருந்தும் விளம்பரம் வேற.

நீலக்கோடு

அந்தக் காசு ஆட்டக்காரனுக்குப் போகாம சம்பள உச்சவரம்புன்னு ஒண்ணு வச்சு அமுக்கிட்டாங்களே. 2004-05ல முழு சீசனையும் கதவடைப்புல தின்னாங்க. வட அமெரிக்காவுல பெரிய லீக் எதுவும் அதுக்கு முன்னாடி ஒரு சீசன் முழுசா இழந்ததில்ல.

கணக்குப்பிள்ளை

அதுல நீங்க சொல்றது பாதி உண்மை. லீக் அப்ப காட்டின கணக்கு, வருமானத்துல 75 விழுக்காடு சம்பளத்துக்கே போகுதுன்னு. சங்கம் அதை நம்பல. கடைசியில உச்சவரம்பு வந்துச்சு, இருந்த ஒப்பந்தங்கள் எல்லாத்துலயும் 24 விழுக்காடு வெட்டும் விழுந்துச்சு. முதல் வருஷ வரம்பு அணிக்கு 3.9 கோடி டாலர். 2012-13ல இன்னொரு கதவடைப்பு, அணிக்கு 48 ஆட்டம்தான் நடந்துச்சு. அப்ப முடிவானது, வருமானம் முதலாளிங்களுக்கும் ஆட்டக்காரங்களுக்கும் ஆளுக்குப் பாதி. இன்னைக்கும் அதுதான்.

பாதின்னா எப்படின்னு கேளுங்க, வேடிக்கையா இருக்கும். சீசன் முடியற வரைக்கும் வருமானம் எவ்வளவுன்னு தெரியாது. அதனால சம்பளத்துல ஒரு பகுதியைப் பிடிச்சு வச்சுக்குவாங்க, எஸ்க்ரோன்னு பேரு. சம்பளம் மொத்தமா பாதியைத் தாண்டிட்டா பிடிச்சு வச்சது முதலாளிக்கு. கோவிட்ல அரங்கம் காலியா கிடந்த 2020-21ல நூத்துக்கு இருபது பிடிச்சாங்க. ஒப்பந்தத்துல எழுதின தொகையைப் பார்த்து நாம வாய் பிளக்கிறோம். கைக்கு வர்றது வேற.

அப்ப ஆட்டக்காரங்க முதலாளிங்களுக்குப் பட்ட கடனெல்லாம் தீர்ற வரைக்கும் வரம்பு கட்டிப்போட்ட மாதிரிதான்: மூணு சீசன் 8.15 கோடியிலயே நின்னுச்சு, அப்புறம் வருஷத்துக்குப் பத்து லட்சம்தான் ஏறுச்சு. இப்ப அவிழ்த்து விட்டிருக்காங்க: 2025-26ல 9.55 கோடி, 2026-27ல 10.4 கோடி.

நீலக்கோடு

வரம்புன்னு ஒண்ணு இருந்தா ஏய்க்கிறதும் இருக்கும். 2021ல டாம்பா அணி, தன் பெரிய ஆட்டக்காரர் குச்செரோவை வரம்புல இடிக்காம சீசன் முழுக்கக் காயப் பட்டியல்ல வச்சிருந்து, கோப்பைக்கான பிளேஆஃப்ல இறக்கிச்சு. பிளேஆஃப்ல வரம்பு கிடையாதே. கோப்பையும் வாங்கிட்டு, வரம்பைவிட 1.8 கோடி மேலன்னு எழுதின பனியனை அவரே போட்டுக்கிட்டுக் கொண்டாடினார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிச்சிருந்தது, சொல்லிட்டேன்.

கணக்குப்பிள்ளை

இடுப்புல அறுவை சிகிச்சை நிஜம், அதையும் சொல்லுங்க. அந்த ஓட்டையை இப்பப் புது ஒப்பந்தத்துல அடைச்சுட்டாங்க, 2025-26ல இருந்து பிளேஆஃப்லயும் கணக்கு உண்டு.

எனக்குப் பிடிச்ச ஏய்ப்பு எதிர்ப்பக்கம். மேல வரம்பு மாதிரியே கீழ வரம்பும் ஒண்ணு உண்டு, அதுக்குக் குறையாம சம்பளக் கணக்கு காட்டணும். அரிசோனா என்ன பண்ணுச்சு? பிராங்கர், டாட்சுக், ஹோசான்னு இனிமே ஐஸ்ல இறங்கவே போகாத பெரிய ஆளுங்களோட ஒப்பந்தத்தை வாங்கி வச்சுக்கிச்சு. காகிதத்துல கோடிக்கணக்குல சம்பளம், கையில கொடுக்கிறது அதைவிட ரொம்பக் கம்மி. ஒரு காலத்துல அரிசோனா அணியில இருந்த பேரை மட்டும் படிச்சா உலக அணி மாதிரி இருக்கும்.

மூண்டு பிள்ளையின்ர அம்மா

நீங்கள் எல்லாரும் கோடியில கதைக்கிறியள். என்ர மூத்தவள் பெண்கள் ஆட்டம் ஆடுறவள், அதையும் கொஞ்சம் கதையுங்கோவன்.

சிடபிள்யூஎச்எல் எண்டு பெண்கள் லீக் ஒண்டு இருந்தது. கன வருசம் ஆட்டக்காரருக்குச் சம்பளமே இல்லை. 2019இல மூடிட்டினம். பிறகு 2024 ஜனவரி முதலாம் திகதி பிடபிள்யூஎச்எல் எண்ட புது லீக் ஆறு அணியோட தொடங்கினது. எல்லா அணிக்கும் ஒரே முதலாளிதான், மார்க் வால்டரின்ர குழு. சராசரிச் சம்பளம் 55,000 அமெரிக்க டாலருக்குக் குறையக்கூடாது எண்டு முதல் ஆட்டத்துக்கு முன்னமே சங்கத்தோட ஒப்பந்தம். அந்த ஏப்ரலில மொன்ட்ரியல் பெல் சென்டரில 21,105 பேர் வந்து பார்த்தவை. 2025-26இல எட்டு அணியாச்சுது. என்ர பிள்ளை அந்த ஆட்டத்தை டிவியில பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவள், பிறகு எழும்பிப் போய்த் தன்ர ஸ்டிக்குக்குப் புது டேப் சுத்தினவள். நான் ஒண்டும் கேட்கேல்லை.

கணக்குப்பிள்ளை

அக்கா, ஒரே முதலாளிங்கிறது பலமும்தான், பயமும்தான். ஒரு அணி நஷ்டம்னு தனியா இழுத்து மூடிட்டுப் போக முடியாது. மொத்தமா மனசு மாறினா தடுக்கவும் ஆள் இல்ல. ஆனா சம்பளம் எழுத்துல இருக்கு பாருங்க, முன்னாடி அதுகூட இல்ல.

வலைக்காவல்

என் பங்குக்கு ஒரு எச்சரிக்கை. பையன் கோலி ஆகணும்னு கேட்டா உடனே பேச்சை மாத்திடுங்க. மத்தவங்க சாமான் ஒரு பையில அடங்கும். கோலிக்குக் கால் பேடே ஒரு பை. ஆசை தீரட்டும்னு கிளப்போட சாமானை ஒரு சீசன் இரவல் வாங்கிக் கொடுங்க.

சாணைக்கல்

சாணையை விட்டுட்டேனே, என் பேருக்கே இழுக்கு.

புது ஸ்கேட் கடையில இருந்து வரும்போது ஓரம் மழுங்கித்தான் இருக்கும், சாணை பிடிச்சாத்தான் ஓடும். பிளேடுக்கு அடியில நீளமா ஒரு குழி ஓடும், ரெண்டு பக்கமும் ஓரம். குழியோட வட்ட ஆரத்தைத்தான் எண்ணாச் சொல்வோம். 1/2 அங்குலம் நடுவாந்தரம். எண் சின்னதாச்சுன்னா குழி ஆழம், ஐஸைக் கவ்வும், வழுக்கல் குறையும். 5/8க்குப் போனா நல்லா வழுக்கும், ஆனா நிறுத்தும்போதும் திருப்பும்போதும் பிடிப்பு கம்மி. 40 கிலோ பையன் 1/2ல ஆரம்பிக்கட்டும்.

வாங்கும்போது ஸ்கேட்டைக் கவிழ்த்துப் பிடிச்சு, பிளேடு மேல ஒரு நாணயத்தைப் படுக்க வைங்க. நாணயம் ஒரு பக்கம் சரிஞ்சா ரெண்டு ஓரமும் ஒரே உயரம் இல்ல. ‘அண்ணே, இன்னொரு தடவை’ன்னு கூசாமக் கேளுங்க. நான் கத்துக்கிட்ட காலத்துல பத்து ஜோடியில மூணு சரிஞ்சிருக்கும். என் குரு அதை என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சு நாணயம் விழுறதைக் காட்டுவார், திட்ட மாட்டார்.

ஆட்டம் முடிஞ்சதும் பிளேடைத் துடைச்சுத் துணி உறை போடுங்க. நடக்கிறதுக்குப் போடுற பிளாஸ்டிக் உறையோட பையில வச்சா ஒரே வாரத்துல துரு.

மூண்டு பிள்ளையின்ர அம்மா

பையைத் திறந்து எல்லாத்தையும் காயப் போடுங்கோ, அதைவிட முக்கியம் ஒண்டும் இல்லை. கையுறை மணம் ஒருக்கால் வந்தால் போகாது.

முதல்வருஷ அப்பா

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

ஸ்கேட் வாங்கியாச்சு. கடையில பென்சிலை எடுத்தேன், விற்கிறவர் ‘ஓ, நீங்க அந்த ரகமா’ங்கிற மாதிரி பார்த்தார். முதல் ரெண்டு ஜோடியில பென்சில் ஆடுச்சு, மூணாவது பொருந்துச்சு. பையன் சொன்ன பிராண்ட் இல்ல, போன வருஷ மாடல். அடுப்புப் பக்கத்துலயே நின்னேன். ஹெல்மெட் புதுசு, கழுத்துக் காப்பு புதுசு, மிச்சம் எல்லாம் பழசு.

ஸ்டிக் 40 ஃபிளெக்ஸ், 88 வளைவு. முதல் நாளே பக் ரிங்க்கைச் சுத்தி இருக்கிற போர்டோட மஞ்சப் பட்டைக்கு மேல போய்த் தட்டுச்சு. திரும்பி என்னைப் பார்த்தான், நான் வேற எங்கயோ பார்க்கிற மாதிரி இருந்தேன்.

அறுத்த 70-ஐ நான் எடுத்துக்கிட்டேன். என் எடைக்குச் சரியா இருக்கு, நீளம்தான் இடுப்பொடியுது.

ஒரு விஷயம். கணக்குப்பிள்ளை எழுதினதைப் பையனுக்குப் படிச்சுக் காட்டினேன், பிராண்ட் பேரு தெரிய லீக்குக்குக் காசு கட்டணும்கிற பகுதி. அடுத்த நாள் பார்த்தா புது ஸ்டிக்குல கம்பெனி பேரு மேல முழுக்கக் கறுப்பு டேப் சுத்தி வச்சிருக்கான். ஏன்டான்னு கேட்டா, ‘எனக்கு அவங்க காசு தரலையே’ங்கிறான்.

கணக்குப்பிள்ளை

நியாயம்தானே. டேப் யார் காசு?

முதல்வருஷ அப்பா

என்னுதுதான். ஒரு சுருள் முழுசா காலி.